கேளுங்கள், சொல்கிறோம்: புது லேப்டாப்பும் கூடுதல் ரேமும்

கல்லூரி திறந்த கையோடு லேப்டாப் கேள்விகள் வரிசை கட்டி வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ரேம், அதாவது ஓடும் வேலைகளை லேப்டாப் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி பற்றியே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: 8 ஜிபி ரேமுடன் புது லேப்டாப் வாங்கியிருக்கிறேன். போன் ஆப் உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்தாலே திணறுகிறது. 16 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். இந்த மாடலில் முடியாது என்கிறார் சீனியர் அண்ணன். யார் சொல்வது சரி?
– பொறியியல் மாணவி, திருமங்கலம்

பதில்: இருவர் பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பிடமே கேட்டுவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. கீழே ஸ்பீடு, ஸ்லாட்ஸ் யூஸ்டு, ஃபார்ம் ஃபேக்டர் என்று சில வரிகள் இருக்கும். ஃபார்ம் ஃபேக்டருக்கு நேரே 'சோடிம்' என்று இருந்தால் அது கழற்றி மாட்டுகிற ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் மதர்போர்டிலேயே சால்டர் செய்த ரேம். அதைக் கழற்ற வழியில்லை.

இதோடு நின்றுவிடாதீர்கள். ஸ்லாட் (ரேமைச் சொருகும் இடம்) எண்ணிக்கை சொல்லும் வரி பல மாடல்களில் ஏமாற்றும். போர்டில் ஒட்டிய சிப்புகளையும் சில லேப்டாப்கள் ஸ்லாட் என்றே கணக்குக் காட்டும். '8 ஆஃப் 8' என்றுகூட வரும், உள்ளே ஒரு ஸ்லாட்டும் இருக்காது. இன்னொரு வகையில் 8 ஜிபி போர்டில் ஒட்டியிருக்கும், கூடவே ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். அதனால் லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் வரும் பெயர் போதாது; ஒரே பெயரில் இரண்டு மூன்று விதமான போர்டுகள் வருகின்றன. அந்த எண்ணைக் கொடுத்து, தயாரிப்பாளரின் சப்போர்ட் தளத்தில் சர்வீஸ் மேனுவலை இறக்குங்கள். ஹெச்பி, டெல், லெனோவோ மூன்றுமே இதை இலவசமாகத் தருகின்றன. எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எத்தனை ஜிபி, மூடியை எப்படித் திறப்பது என்று எல்லாம் படத்தோடு இருக்கும்.

விவரப் பட்டியலில் 'எல்பிடிடிஆர்4எக்ஸ்', 'எல்பிடிடிஆர்5' என்று முன்னால் 'எல்பி' வந்தால் ஏறக்குறைய எல்லா லேப்டாப்களிலும் அது ஒட்டிய ரேம்தான். ஆப்பிள் தன் சொந்த சிப்போடு 2020 முதல் விற்கும் மேக்புக்குகளிலும் வாங்கிய பிறகு ரேம் கூட்ட முடியாது.

உங்கள் லேப்டாப்பில் வழியே இல்லை என்றால்? ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி, கணினிக்குள்ளேயே போனைப் போல ஓடும் எமுலேட்டரும் சேர்ந்தால் 16 ஜிபி என்று கூகுளே சொல்கிறது. மெமரியை விழுங்குவது எமுலேட்டர்தான். உங்கள் போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கேபிளில் இணைத்து ஆப்பை போனிலேயே ஓட்டிப் பாருங்கள். 8 ஜிபியை வைத்தே பாடத்தை முடித்துவிடலாம்.

கேள்வி: என்னுடையதில் ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபி டிடிஆர்4 இருக்கிறது, மற்றொன்று காலி. 8 போடுவதா, 16 போடுவதா? அதே கம்பெனிதான் வேண்டுமா? ரேமில் ஒட்டியிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?
– ஆன்லைன் சென்டர் நடத்துபவர், உசிலம்பட்டி

பதில்: கம்பெனி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தலைமுறை ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். லேப்டாப் ரேமில் டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. நடுவில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்4 1.2 வோல்ட், டிடிஆர்5 1.1 வோல்ட். அதனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. உட்காரவில்லையே என்று அழுத்தினால் ஸ்லாட் உடையும். ஸ்லாட் உடைந்தால் மதர்போர்டுக்கே செலவு. ஆன்லைனில் வாங்கும்போது 'சோடிம்' அல்லது 'லேப்டாப்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப் ரேம் 13 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். லேப்டாப் ரேம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர்தான்.

ஸ்டிக்கரில் 3200 என்றும் போடுவார்கள், 25600 என்றும் போடுவார்கள். இரண்டும் ஒன்றே; 3200ஐ 8ஆல் பெருக்கினால் 25600. 21300 என்று கண்டால் அது 2666. டிடிஆர்5இல் 38400 என்பது 4800, 44800 என்பது 5600. வேகம் வேறான இரண்டு ரேமைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஓடும். எனவே 2666 இருக்கும் இடத்தில் 3200 வாங்கிப் போட்டால் கெடுதல் இல்லை, கூடுதல் பலனும் இல்லை.

8ஆ 16ஆ என்பது வேலையைப் பொறுத்தது. உங்கள் சென்டரில் பிரவுசர், பிடிஎஃப், பிரிண்டர், ஸ்கேனர்தான் என்றால் 8 போடுங்கள், தாராளம். 8ம் 8ம் சேரும்போது டூயல் சேனலில் இரண்டு பாதையாக ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் வீடியோவும் விளையாட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவு சீராகும். 8ம் 16ம் சேர்ந்தாலும் பெரும்பாலும் பிரச்சினை வராது. முதல் 16 ஜிபி இரண்டு பாதையிலும், மிஞ்சிய 8 ஒரே பாதையிலும் ஓடும். வீடியோ எடிட்டிங், போட்டோஷாப் என்று பெரிய கோப்புகளைக் கையாண்டால் இந்த 24 ஜிபி கைகொடுக்கும்.

விலை பற்றி ஒரு வார்த்தை. ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 பிற்பகுதியில் மெமரி விலை கடுமையாக ஏறியது. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் திகைப்பீர்கள். அந்தத் திகைப்பில் 'கழற்றின ரேம்' வாங்கிவிட மனம் போகும். சாம்சங், ஹைனிக்ஸ் பெயரில் பெட்டி இல்லாமல் விற்பவை பல, வேறு லேப்டாப்பிலிருந்து எடுத்தவை. அசலாகவே இருக்கலாம், நன்றாகவும் ஓடலாம். ஆனால் அதற்குக் கடைக்காரர் வாய்ச்சொல்தான் வாரண்டி. மதுரை டவுன் ஹால் ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் ரேமில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். குரூஷியல் என்ற பெயரில் கடைகளில் விற்பதை 2026 பிப்ரவரியோடு நிறுத்துவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. விற்றவற்றுக்கு வாரண்டி தொடரும் என்றும் சொல்லியிருக்கிறது. கையிருப்பு கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: நானே மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடுமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். வாரண்டி அட்டையைப் படியுங்கள். பயனாளரே மாற்றக்கூடிய பாகங்களின் பட்டியலில் ரேம் இருந்தால் பயமில்லை. ஸ்க்ரூ மேல் சீல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத் தொடுங்கள். திறக்கும்போது நீங்கள் உடைத்ததற்கு எந்த வாரண்டியும் பொறுப்பேற்காது. கழற்றிய பழைய ரேமை விற்றுவிடாதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும் நாளில் அதையே மாட்டிக் கொடுப்பதுதான் நல்லது.

கேள்வி: ரேம் வாங்கிவிட்டேன். சரியான ரேம்தான், மேனுவலைப் பார்த்தே வாங்கினேன். மாட்டும் முறையை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.
– பாலிடெக்னிக் மாணவர், சோழவந்தான்

பதில்: முந்தின நாளே முடிக்க வேண்டிய வேலை இரண்டு. முக்கியமான கோப்புகளை பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ நகல் எடுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனில் இருந்தால் 48 இலக்க ரிகவரி கீ ஒன்று உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதிவையுங்கள். ரேம் மாற்றினால் பெரும்பாலும் அந்தக் கீயைக் கேட்காது; லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்பு மாறினால் கேட்கும். கேட்கும்போது கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளது எதுவும் திரும்பக் கிடைக்காது.

கருவிகள்: பிஎச்0, பிஎச்00 அளவு ஸ்டார் திருப்புளி; சில மாடல்களுக்கு டி5 டார்க்ஸ். நெம்புவதற்கு மெல்லிய பிளாஸ்டிக், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். ஒரு ஏ4 தாள், கொஞ்சம் செல்லோ டேப்.

மர மேசையில் பருத்தித் துண்டை விரித்து வேலையைத் தொடங்குங்கள். ஆடிக் காற்று நாளானால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள், ஃபேனையும் நிறுத்துங்கள். தூசி ஸ்லாட்டுக்குள் போனால் தொந்தரவு. பாலியெஸ்டர் சட்டை வேண்டாம். ஏசி அறையின் வறண்ட காற்றில் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலே சிப்பைக் கெடுக்கும். அதை வடியவிடும் மணிக்கட்டுப் பட்டை (ரிஸ்ட் ஸ்ட்ராப்) இருந்தால் நல்லது. இல்லையென்றால் மூடியைத் திறந்ததும் உள்ளே தெரியும் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இடையில் எழுந்து போய் வந்தால் மறுபடியும் தொடுங்கள்.

இனி அணைப்பது. விண்டோஸில் சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக அரைத் தூக்கத்தில்தான் போகும். ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், முழுதாக அணையும். சார்ஜர், மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள்.

தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை ஒரு சதுரமாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே டேப்பால் ஒட்டுங்கள். இதை அலட்சியம் செய்யாதீர்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை இடத்தில் திருகினால் கீபோர்டுப் பக்கம் மேடு தட்டும், இல்லை போர்டில் குத்தும். சில ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. அது மூடியோடு சேர்ந்தது, விட்டுவிடலாம். எல்லாம் எடுத்தும் மூடி அசையவில்லை என்றால் ரப்பர் காலுக்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும். இழுத்துப் பார்க்காதீர்கள், மேனுவலைப் பாருங்கள்.

இடுக்கில் கார்டை நுழைத்து ஓரமாகவே நகர்த்துங்கள். கிளிப் ஒவ்வொன்றும் 'டக்' என்று விடும். கார்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டாம். இரும்புத் திருப்புளியால் நெம்புவது கூடவே கூடாது. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, குத்தினால் தீப்பிடிக்கும்.

மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிரிப்பது. வயரைப் பிடித்து இழுக்காமல், வெள்ளை அல்லது கறுப்பு பிளக்கின் இரு ஓரத்திலும் நகத்தை வைத்து மாறி மாறித் தள்ளுங்கள். சிலவற்றில் மேலே கம்பிக் கொக்கி இருக்கும். அதை முதலில் தூக்க வேண்டும். பிரித்த பிறகு பவர் பொத்தானை 15 விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும்.

ரேம் ஸ்லாட் கறுப்பு ஷீட்டுக்கோ தகட்டு மூடிக்கோ அடியில் இருக்கலாம். புது ரேமின் ஓரங்களைப் பிடியுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது. ரேமின் வெட்டும் ஸ்லாட்டின் முனையும் நேராக வருமாறு வைத்து, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் உள்ளே செலுத்துங்கள். இங்கேதான் பலரும் பாதியில் விடுகிறார்கள். பற்கள் முழுதும் உள்ளே போய், வெளியே மெல்லிய தங்கக் கோடு மட்டும் தெரியும்வரை தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் அந்தக் கோடு ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். அதன் பிறகு கீழே அழுத்துங்கள். இரு பக்க உலோகக் கிளிப்பும் விலகி, ரேமின் பக்கவாட்டு வெட்டில் ஒரே நேரத்தில் வந்து பூட்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். சாய்வாக முழுதும் தள்ளாமல் கீழே அழுத்தினாலும் கிளிப் பூட்டிக்கொள்ளும், அதுதான் சங்கடம். பார்க்க நன்றாக இருக்கும், லேப்டாப் ஓடாது.

பேட்டரி பிளக்கை மாட்டி, மூடியைத் திருகாமல் பொருத்தி, சார்ஜரைச் சொருகி ஆன் செய்யுங்கள். பேட்டரியைப் பிரித்து மாட்டிய பிறகு பல மாடல்கள் சார்ஜர் சொருகினால்தான் முதல் முறை எழும். டாஸ்க் மேனேஜரில் புது அளவு தெரிந்தால் ஷட் டவுன் செய்து, மூலைக்கு மூலை மாற்றி ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். கை இறுக்கம் போதும். தேதியும் நேரமும் மாறியிருந்தால் சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: ரேம் போட்டேன். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஸ்க்ரீன் கறுப்பாகவே இருக்கிறது. லேப்டாப் போயே போய்விட்டதா?
– ஜவுளிக் கடைக் கணக்கர், செல்லூர்

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. முதலில் காத்திருங்கள். புது ரேமைக் கண்டதும் லேப்டாப் அதோடு பேசும் வேகத்தையும் நேரத்தையும் தானே அளந்து பழகும். டிடிஆர்5 லேப்டாப்களில் இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும், அதுவரை ஸ்க்ரீன் கறுப்பாகத்தான் இருக்கும். பயந்து பவர் பொத்தானை அழுத்தினால் அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள்.

பத்து நிமிடம் கழித்தும் வரவில்லை என்றால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரை உருவி, பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட்டு ரேமை எடுத்து மறுபடி மாட்டுங்கள். காரணம் பெரும்பாலும் சரியாக உட்காராததே. அதன் பிறகும் இல்லையென்றால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பேட்டரியைப் பிரித்துவிட்டே ரேமைத் தொட வேண்டும். பழைய ரேம் மட்டும் பழைய ஸ்லாட்டில்: எழுந்தால் லேப்டாப் நலம். புது ரேம் மட்டும் அதே ஸ்லாட்டில்: எழாவிட்டால் ரேம் பழுது, அல்லது இந்த லேப்டாப்புக்கு ஒத்துவராதது, பில்லோடு கடைக்குப் போங்கள். தனித்தனியாக இரண்டும் எழுந்து, சேர்ந்தால் மட்டும் எழவில்லை என்றால் பழைய ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் தனியாகப் போட்டுப் பாருங்கள். அதிலும் எழவில்லை என்றால் ஸ்லாட்டில் தூசியோ வளைந்த பின்னோ இருக்கும். எழுந்தால் இரண்டு ரேமுக்கும் இணக்கம் இல்லை. பயாஸை அப்டேட் செய்தால் பல சமயம் தீரும்.

பற்களைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பென்சில் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் சர்வீஸ் கடைகளில் உண்டு. தேய்ப்பதானால் லேப்டாப்புக்கு எட்டத் தள்ளி, துகள் ஒன்றும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போய் ஒட்டும்.

எழுந்துவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஒருமுறை ஓட்டுங்கள். இன்னும் உறுதியாகப் பார்க்க, இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடலாம். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். உங்கள் கணக்குக் கோப்பில் ஒரு எண் சத்தமில்லாமல் மாறினால் யாரைக் கேட்பது?

கேள்வி: 16 ஜிபி போட்டும் 13.9 ஜிபிதான் பயன்படும் என்று காட்டுகிறதே?
– வாசகி, மேலூர்

பதில்: ரேம் குறையவில்லை. உங்கள் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் ஏறத்தாழ 2 ஜிபியைத் தனக்கென்று ஒதுக்கியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஹார்டுவேர் ரிசர்வ்டு என்ற வரியில் அந்தக் கணக்கு இருக்கும். சில மாடல்களில் பயாஸில் இதைக் குறைக்கலாம், குறைக்கத் தேவையில்லை. 16க்குப் பதில் 8 மட்டும் காட்டினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது புது ரேம் சரியாக உட்காரவில்லை.

கேள்வி: பேரனுக்கு லேப்டாப் வாங்கப்போகிறேன். "நாங்களே எல்லாம் போட்டு ரெடியாகத் தருகிறோம், ரேமும் இன்றே ஏற்றிவிடலாம்" என்கிறார்கள் கடையில். விடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ரிசர்வ் லைன்

பதில்: வேண்டாம் ஐயா, இரண்டையுமே விடாதீர்கள். புது லேப்டாப்போடு வரும் வாழ்நாள் ஆபீஸ், முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஆக்டிவேட் செய்கிறோமோ அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு மாற்ற முடியாது. கடைப் பையன் அவசரத்தில் தன் கணக்கைப் போட்டால் ஆபீஸும் அவரோடு போகும், முன்பு சொன்ன 48 இலக்க ரிகவரி கீயும் அவர் கணக்கில்தான் இருக்கும். பேரனையே உட்கார வைத்து, அவர் ஈமெயிலில் கணக்கு தொடங்குங்கள். ஜிமெயில் முகவரியையே மைக்ரோசாஃப்ட் கணக்காகப் பதியலாம்.

பெட்டியைப் பிரிக்கும்போது போனில் இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். பெட்டி, லேப்டாப், பில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றா என்று பாருங்கள். விண்டோஸ் 11 தொடக்கத்திலேயே இணையம் கேட்கும்; போன் ஹாட்ஸ்பாட் போதும். ஆனால் அப்டேட்கள் பல ஜிபி வரும், நாள் டேட்டா கரைந்துவிடும். பிராட்பேண்ட் இருக்கும் வீட்டில் செய்வது நல்லது. விண்டோஸ் அப்டேட்டை ஒருமுறை ஓட்டினால் போதாது. இனி ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை ரீஸ்டார்ட் செய்து திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். பயாஸ் அப்டேட் வந்தால் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும், சார்ஜரும் இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும். பாதியில் அணைந்தால் போர்டு எழாமலே போகலாம். கூடவே வரும் சோதனை ஆன்டிவைரஸை நீக்கிவிட்டால் விண்டோஸ் டிஃபெண்டர் தானே காவலுக்கு வந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

ரேமை ஏன் இன்றே ஏற்றக்கூடாது? முதல் பத்து நாள் லேப்டாப்பை வந்தபடியே ஓட்டிப் பாருங்கள். ஸ்க்ரீனில் புள்ளி, கீபோர்டு கோளாறு, சூடு, வைஃபை அறுபடுவது எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். மூடியைத் திறக்காத லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பது எளிது. திறந்த பிறகு கொடுத்தால், குறை முன்பே இருந்ததா பின்பு வந்ததா என்று வாக்குவாதம்தான் மிஞ்சும்.

கேள்வி: புது லேப்டாப்பில் தமிழ் 99 விசைப்பலகை எப்படி? பழைய பாமினி கோப்புகள் கிறுக்கலாகத் தெரிகின்றன, வைரஸா?
– தட்டச்சு நிலையம் நடத்துபவர், மதுரை

பதில்: வைரஸ் இல்லை. பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடு முறையில் அமைந்த எழுத்துரு அல்ல. அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் தெரியும். பழைய கணினியிலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து நிறுவினால் சரியாகிவிடும். தமிழ் 99 விண்டோஸ் 11லேயே இருக்கிறது. செட்டிங்ஸ், டைம் அண்ட் லேங்குவேஜ், லேங்குவேஜ் அண்ட் ரீஜன் போய்த் தமிழைச் சேருங்கள். தமிழுக்கு நேரே உள்ள மூன்று புள்ளியில் லேங்குவேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, கீபோர்டாகத் தமிழ் 99ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தினால் மொழி மாறும்.

கேள்வி: சார்ஜ் போட்டுக்கொண்டே லேப்டாப்பைத் தொட்டால் கை சுர்ரென்கிறது. ரேம் மாற்றியதால் வந்த கோளாறா?
– இல்லத்தரசி, அலங்காநல்லூர்

பதில்: ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலோக உடம்பு கொண்ட லேப்டாப்பில், வீட்டில் எர்த் சரியில்லாதபோது வரும் உணர்வு இது. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அதன் வழியே மிகச் சிறிய கசிவு எப்போதும் உண்டு. மூன்று பின் பிளக்கும் நல்ல எர்த்தும் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியே போகப் பார்க்கும்.

மூன்றாவது பின்னை உடைத்தோ, இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டோ சொருகாதீர்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பாயிண்ட் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. வயர்மேனை அழைத்து மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. எர்த் குழி நம் பக்கத்து வெயிலில் காய்ந்து வேலை செய்யாமல் போகும். கோடையில் வாரம் ஒரு முறை அதில் தண்ணீர் ஊற்றுங்கள். மெயின் போர்டில், கசிவு கண்டதும் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள். சுர்ரென்பது போய், தூக்கிப்போடுகிற மாதிரி ஷாக் அடித்தால் அந்தச் சார்ஜரை அத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி: 2017இல் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப் தங்கைக்குப் பயன்படுமா? 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். ரேம் கூட்டினால் வேகம் வருமா?
– வாசகர், பேரையூர்

பதில்: முதலில் ஹார்ட் டிஸ்க்கை மாற்றுங்கள், ரேம் அடுத்ததுதான். பழைய லேப்டாப் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி அளவில் படிக்கும். அதன் இடத்தில் மாட்டும், சுழலும் தட்டில்லாத சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பியைத் தாண்டும். சிறு சிறு கோப்புகளில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. 2.5 இன்ச், 7 மில்லிமீட்டர் தடிமனில் 256 ஜிபி எஸ்எஸ்டி போதும்.

பிறகு ரேமை 8 ஆக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் வழங்கிய மாடல் வேறு என்பதால் டாஸ்க் மேனேஜரிலும் ரேமின் ஸ்டிக்கரிலும் பார்த்தே வாங்குங்கள். 'டிடிஆர்3எல்' என்று இருந்தால் கடைசியில் உள்ள அந்த 'எல்' முக்கியம். அது 1.35 வோல்ட்டில் ஓடுவது. வெறும் டிடிஆர்3க்கு 1.5 வோல்ட் வேண்டும், இரண்டுக்கும் வெட்டும் பின்னும் ஒன்றே. 1.35 மட்டும் தரும் லேப்டாப்பில் அதைப் போட்டால் உட்காரும், ஓடாது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் வரிசையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும்; உங்களுடையது பெரும்பாலும் அதற்கு முந்தையதாகவே இருக்கும். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள், பிரவுசர், லிப்ரே ஆபீஸ், ஆன்லைன் வகுப்பு எல்லாம் நன்றாக ஓடும். ஆனால் செலவு செய்யுமுன் பேட்டரியையும் கீலையும் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். கீலும் உடைந்திருந்தால் இந்த லேப்டாப்புக்கு எஸ்எஸ்டியும் ரேமும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை வேறு லேப்டாப்புக்குச் சேர்த்து வையுங்கள்.